டப்பாவில் கணக்கைப் போடுங்கள்: மஞ்சள் கேப்சூல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் மஞ்சள் கேப்சூலும் மாத்திரையும் தயாரிக்கிறவர்களுக்கும், வெளியில் செய்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கிறவர்களுக்கும்:

சாதா மஞ்சள் கேப்சூல் என்று விற்றுக்கொண்டிருந்த சரக்கில் உங்களில் சிலர் இப்போது மிளகுச் சாற்றைச் சேர்த்துவிட்டீர்கள். டப்பாவும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. முகப்பில் மட்டும் 'மேம்பட்டது', 'உடம்பில் 2000 மடங்கு சேரும்' என்று ஒரு பட்டை கூடியிருக்கிறது. பின்பக்கம், மூலப்பொருள் பட்டியலின் கடைசியில், பொடி எழுத்தில் 'மிளகுச் சாறு' என்று இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்றும் இல்லை. பழைய டப்பா தீர்ந்து புதியது வாங்குகிறவருக்குத் தான் சாப்பிடுவது வேறு பொருள் என்பதே தெரியாது.

இதை எழுதும் நாங்கள் மருந்துக்கடைகளில் நிற்கும் மருந்தாளுநர்கள், மஞ்சள் சோதனைக்கூடங்களில் வேலை பார்ப்பவர்கள். "ஏனுங்க, பிரஷர் மாத்திரையோட இதைச் சேர்த்துச் சாப்பிடலாமுங்களா?" என்று கவுண்ட்டரில் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். அந்தப் பதிலுக்கு வேண்டிய விவரம் உங்கள் கையில் இருக்கிறது. டப்பாவில் இல்லை.

அந்த 2000 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியான ஆய்வு அது. மஞ்சளின் நிறத்துக்கும் குணத்துக்கும் காரணமான குர்குமினை 2 கிராம் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்படவில்லை, அல்லது மிகக் குறைவாகத் தென்பட்டது. அதே 2 கிராமோடு, மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அளவு நன்றாக உயர்ந்திருந்தது. அந்த உயர்வு 2000 சதவீதம். சதவீதம்தான், மடங்கு அல்ல. மடங்கில் சொன்னால் ஏறத்தாழ 20. சதவீதத்தை மடங்கு என்று அச்சடித்ததில் உங்கள் விளம்பரம் உண்மையை நூறு மடங்கு ஊதிவிட்டது. அதே ஆய்வில் எலிகளிடம் கண்ட உயர்வு 154 சதவீதம் மட்டுமே. பங்கேற்ற மனிதர்களும் சில பேர்தான்.

அந்த 20 மடங்கும் எதன் 20 மடங்கு என்று கேட்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் 20 மடங்கு. அடியில் இருக்கும் எண் எவ்வளவு சிறிதோ, மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். இது கணக்கின் இயல்பு, உங்கள் சரக்கின் பெருமை அல்ல.

குர்குமின் ஏன் உடம்பில் சேர மறுக்கிறது என்பது உங்கள் தயாரிப்புப் பிரிவுக்குத் தெரியும். விளம்பரம் எழுதுகிறவருக்கும் தெரிந்திருந்தால் நல்லது. அது தண்ணீரில் கரையாது. எண்ணெயில் ஓரளவு கரையும். வயிற்றின் அமிலத்தில் தாக்குப்பிடிக்கும், அமிலம் குறைந்த இடத்தில் சிதையும். 7.2 பி.எச். உள்ள, புரதம் எதுவும் இல்லாத கரைசலில் 37 டிகிரி சூட்டில் வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுவதை 1997இலேயே அளந்திருக்கிறார்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்ததும் தட்டு சிவக்கிறதே, குர்குமின் காரத்தைச் சந்தித்ததால் வரும் சிவப்புதான் அது. குடலில் அந்த அளவுக்குக் காரம் இல்லை. ஆனாலும் அங்கே போய்ச் சேருவதில் பெரும்பகுதி கரையாமலே கடந்துவிடுகிறது. 1978இல் எலிகளில் பார்த்தபோது, கொடுத்ததில் முக்கால் பங்கு மலத்தோடு வெளியேறியது. உள்ளே நுழைந்த கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் விடுவதில்லை. குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதன்மேல் ஒட்டி, வெளியேற்றத் தோதாக்கிவிடுகின்றன. பைப்பரின் கைவைப்பது இந்தக் கடைசிப் படியில். ஒட்டும் நொதியை அது மறிக்கிறது. கரையாத பொருளை அது கரைத்துக் கொடுக்காது.

இனி 'மஞ்சள் 500 மி.கி.' என்ற வரி. இது எங்களை வெகுநாளாக உறுத்துவது. அந்த 500 மஞ்சள்தூளா, குர்குமின் பிரித்தெடுத்த சாறா? மஞ்சளில் குர்குமின் பொதுவாக 100க்கு 2 முதல் 5 பங்கு. 3 என்று வைத்தால் 500 மி.கி. தூள் கேப்சூலில் குர்குமின் 15 மி.கி. '95 சதவீதச் சாறு' என்றால் அதே 500இல் 475 மி.கி. ஒன்றுக்கொன்று முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே நிறத்தில், ஒரே '500' என்ற எண்ணோடு நிற்கின்றன. முதலாவதை வாங்குகிறவர் அடுப்படி டப்பாவில் இருப்பதையே ஜெலட்டின் உறையில் போட்டு வாங்குகிறார். இரண்டாமவர் ஏறத்தாழ 16 கிராம் தூளுக்குச் சமமான குர்குமினை ஒரே வாயில் விழுங்குகிறார். போதாக்குறைக்கு முகப்பில் '1000 மி.கி.' என்று பெரிதாகப் போட்டு, 'ஒரு வேளைக்கு 2 கேப்சூல்' என்பதைப் பின்னால் ஒளித்துவைப்பவர்களும் இருக்கிறீர்கள்.

லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு கட்டிய பைட்டோசோம் வகை தயாரிப்பவர்களுக்கும் இதே கேள்வி. அந்தக் கலவையில் குர்குமினாய்டு (குர்குமினும் அதன் இன்னும் இரண்டு உறவுப் பொருள்களும்) ஐந்தில் ஒரு பங்கு அளவே. 'குர்குமின் பைட்டோசோம் 500 மி.கி.' என்று எழுதினால் உள்ளே இருப்பது 100 மி.கி. அளவில். அது தவறில்லை. குறைந்த அளவில் கூடுதல் சேர வேண்டும் என்பதற்காகத்தானே அந்த வகையே வந்தது. ஆனால் 100 என்பதை 100 என்றே எழுதுங்கள்.

பைப்பரினுக்கு வருவோம். உங்கள் டப்பாக்களில் அளவு போட்டிருக்கும் ஒன்றிரண்டில் '500 மி.கி. சாறு, 5 மி.கி. மிளகுச் சாறு' என்றிருக்கிறது. 100க்கு 1 என்ற இந்த விகிதம் பெங்களூரு ஆய்விலிருந்து வந்தது, சரி. ஆனால் நொதியை மறிப்பது பைப்பரினின் அளவு, விகிதம் அல்ல. 20 மி.கி. செய்ததை 5 மி.கி. செய்யும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. இன்னொன்று, '5 மி.கி. மிளகுச் சாறு' என்பது 5 மி.கி. பைப்பரின் ஆகாது. 95 சதவீதச் சாறாக இருந்தால் ஏறக்குறைய ஆகும். 40 சதவீதச் சாறாக இருந்தால் 2 மி.கி. வெறும் மிளகுத்தூளை 5 மி.கி. போட்டுவிட்டுப் பெருமை பேசினால், மிளகில் பைப்பரின் 5 சதவீத அளவே என்பதால், கால் மி.கி. ஆக, எண் போடாதவர் விற்பது மருந்தளவுக்கு வேலை செய்யும் பொருளாகவும் இருக்கலாம், பெயருக்குத் தூவிய பொருளாகவும் இருக்கலாம். வாங்குகிறவருக்கும் தெரியாது, மருந்தாளுநருக்கும் தெரியாது.

மருந்தளவு என்று ஏன் சொல்கிறோம்? சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தை நம் வைத்தியம் மற்ற மருந்துகளுக்குத் துணையாகச் சேர்த்துவந்தது. அதன் காரணத்தைத் தேடிப்போன ஜம்மு ஆய்வுக்கூடம்தான் பைப்பரினின் இந்தக் குணத்தை முதலில் எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2009இல் இந்தியாவில் ஒரு காசநோய் மாத்திரை வந்தது. வழக்கமாக 450 மி.கி. கொடுக்கும் ரிஃபாம்பிசினை, 10 மி.கி. பைப்பரின் சேர்த்து 200 மி.கி. ஆக்கிய மாத்திரை அது. ஒரு வீரியமான மருந்தின் அளவை அரைவாசிக்கும் கீழே இறக்க வைத்தது இந்தப் 10 மி.கி.! அதே பொருளைத்தான் 'மிளகுச் சாறு' என்று கடைசி வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள்.

20 மி.கி. பைப்பரினைத் தினமும் 7 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பிரஷருக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினும் இரத்தத்தில் கூடின. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டிலும் கூடுதல் அளந்திருக்கிறார்கள். கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் சைப் 3ஏ4 நொதியையும், உள்ளே வந்த மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் பி-கிளைகோபுரதத்தையும் பைப்பரின் மறிப்பது இத்தகைய மோதல்களுக்கு ஒரு காரணம். ஃபெனிடாயினைப் பொறுத்தவரை, வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தள்ளாட்டம், கண்மணி ஆட்டம், நாக்குழறல் என்று வரும்போது வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். மஞ்சள் டப்பாவை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

'அப்படியானால் ரசமும் ஆகாதா?' என்று நீங்கள் கேட்பது எதிர்பார்த்ததுதான். நாலு பேருக்கு வைக்கும் ரசத்தில் 2 கிராம் மிளகு போட்டால் அதில் 100 மி.கி. வரை பைப்பரின் இருக்கும், உண்மை. ஆனால் அது கரகரப்பாகத் தட்டிய மிளகு. முழுவதும் கரைந்து இறங்காது, பாதி வண்டலாக ஏனத்தின் அடியிலேயே தங்கும், மீதியும் சோற்றோடு கலந்து மெதுவாகப் போகும். காலமெல்லாம் ரசம் சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் மருந்தின் அளவை நிர்ணயித்ததே அந்தச் சாப்பாட்டின் மேல்தான். பிரித்தெடுத்த பைப்பரினை ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி, காலை மாத்திரையோடு சேர்த்து, தினமும் விழுங்குவது வேறு. ரசத்தின் நல்ல பெயரை உங்கள் கேப்சூலுக்கு இரவல் வாங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது கல்லீரல். உங்கள் கையேடுகளில் 'தினம் 8 கிராம் வரை பாதுகாப்பானது' என்ற வரி தவறாமல் வருகிறது. தைவானில் 2001இல் வெளியான ஆய்வு அது. மூன்று மாதம் தினமும் 8 கிராம் வரை கொடுத்தும் கெடுதல் தென்படவில்லை. அதற்கு மேல் போனால் தூளின் கனமே தாங்கவில்லை என்று நோயாளிகள் ஒப்பவில்லை. ஆனால் அங்கே கொடுத்தது சாதாக் குர்குமின். உடம்பில் ஏறாத பொருள். ஏறாததால் கெடுக்கவில்லை என்பது, ஏற வைத்த பிறகு செல்லுமா? ஒரே டப்பாவில் இந்தப் பக்கம் 'சாதா மஞ்சளைவிடப் பல மடங்கு சேரும்', அந்தப் பக்கம் 'சாதா மஞ்சளைப் போலவே பாதுகாப்பு' என்று எழுதுகிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் சொல்ல முடியும்.

வெளிநாடுகளில் நடந்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. இத்தாலியில் 2018, 2019 வாக்கில் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களிடம் மஞ்சள்காமாலையோடு கூடிய கல்லீரல் அழற்சி வரிசையாகப் பதிவாகி, அரசு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஆகஸ்டில் எச்சரித்தபோது, உடம்பில் கூடுதலாகச் சேரும்படி செய்த தயாரிப்புகளிலும் அளவு கூடிய தயாரிப்புகளிலும் ஆபத்து அதிகமாக இருக்கலாம் என்று குறிப்பாகச் சொன்னது. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி அந்த எச்சரிக்கை இல்லை. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் 2022இல் மஞ்சளால் பாதிப்பு வந்த 10 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் 7 பேரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. சோதித்த 7 தயாரிப்புகளில் 3இல் பைப்பரின் இருந்தது. அந்தப் 10 பேரில் ஒருவர் இறந்தார். எண்ணிக்கை சிறிது, சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்பது டப்பாவை வாங்கும்போது தெரிவதில்லை. தெரிய வேண்டியதெல்லாம் அடையாளம்தான்: பசியின்மை, குமட்டல், உடம்பு அரிப்பு, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது. ஆரம்பித்துச் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு நிறுத்தினாலே சரியாகிவிடுகிறது. நிறுத்தத் தெரிய வேண்டுமே! மஞ்சள்காமாலை வந்தவர், உடம்புக்கு நல்லது என்று மஞ்சள் கேப்சூலை இன்னும் ஒன்று கூட்டிப் போடும் ஊர் இது.

அளவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உணவில் சேர்க்கும் நிறமி என்ற முறையில் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு வைத்த எல்லை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் சாப்பாட்டில் வருவதைக் கழித்து, கேப்சூல் வழியாக 153 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்றது. உடம்பில் கூடுதலாகச் சேரும் புதிய வகைகளுக்கு இந்த எல்லையே பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. 475 மி.கி. குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த கேப்சூலை 'தினம் இரண்டு' என்று எழுதுகிறவர் எந்தக் கணக்கின் மேல் எழுதுகிறார் என்று காட்ட வேண்டும்.

நுண்துகள், மைசெல் (கரையாத பொருளைச் சுற்றிக்கொண்டு நீரில் கலக்கவைக்கும் நுண்திவலை), மஞ்சள் எண்ணெய் சேர்த்தது என்று மற்ற வழிகளில் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஜெர்மனியில் 2014இல் வெளியான ஆய்வில் திரவ மைசெல் வடிவம் சாதாத் தூளைவிட 185 மடங்கு காட்டியது. 27 மடங்கு, 29 மடங்கு, 46 மடங்கு என்று வேறு வடிவங்களுக்கும் எண்கள் உண்டு. பெரும்பாலும் இவை இரத்த மாதிரியை நொதியால் சிதைத்து, ஒட்டியிருந்த குளுக்குரோனிக் அமிலத்தைக் கழற்றிவிட்டு அளந்த மொத்தக் குர்குமின். உடம்பு ஏற்கெனவே ஒட்டிக் கட்டி வெளியேற்றத் தயாராக்கியதும் அந்தக் கணக்கில் அடக்கம். தனிக் குர்குமின் அதில் சொற்பம். ஒட்டப்பட்டது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒப்புதல் இல்லை. ஆகவே 'மடங்கு' போட்டால் அது தனியா மொத்தமா, எத்தனை மி.கி. கொடுத்து, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்று சேர்த்துப் போடுங்கள். வேறொருவர் வடிவத்துக்கு வந்த எண்ணை உங்கள் டப்பாவில் ஒட்டுவது மோசடி. அதை வேறு சொல்லால் மெழுக எங்களுக்கு மனமில்லை.

காசு செலவில்லாமல் உடம்பில் சேருவதைக் கூட்டும் வழிகளை மட்டும் டப்பாவில் காணோம். சாப்பாட்டோடு, கொழுப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வெந்நீரோடு போட்டால் கரைவதற்கு எதுவும் இல்லை. அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிடும்போது பித்தநீர் சுரந்து, எண்ணெயில் கரைவதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும், ஏனென்றால் குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரே வேளையில் மொத்தமாக விழுங்குவதைவிடப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது, உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடுவதால். சமையலைப் பற்றியும் சொல்லிவிடலாம். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தார் அளந்ததில், சமைக்கும் சூட்டில் மஞ்சளின் குர்குமின் 27 முதல் 53 சதவீதம் வரை போயிற்று. குக்கரில் 10 நிமிடம் வைத்ததில் இழப்பு அதிகம். புளி சேர்த்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதமாகக் குறைந்தது. அமிலத்தில் தாக்குப்பிடிக்கும் பொருள் என்று மேலே சொன்னோமே, அதுதான். புளிக்குழம்பில் போடும் மஞ்சளுக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவே.

டப்பாவையும் கவனியுங்கள். மஞ்சள் கறை படிந்த துணியை வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்தது. வெளிச்சம் குர்குமினைச் சிதைக்கிறது. நிறம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி போன்ற டப்பாவில் அடைத்துக் கடை முகப்பில் அடுக்கச் சொல்லாதீர்கள்.

சோதனை பற்றி. மொத்த நிறத்தை 425 நானோமீட்டர் ஒளியில் அளந்து '95 சதவீதம்' என்று சான்று வாங்குவது மலிவு. ஆனால் அந்த முறைக்கு மஞ்சளாக இருப்பதெல்லாம் குர்குமின்தான். எச்.பி.எல்.சி. கருவி குர்குமின், டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். மஞ்சளிலிருந்து எடுத்த சாற்றில் முதலாவது முக்கால் பங்கு அளவிலும் மற்ற இரண்டும் மீதியிலும் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய இல்லாமல் முதலாவது மட்டும் தூய்மையாக வந்தால், அது ஆலையில் வேதிமுறையில் செய்த குர்குமினோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சரக்கைக் கலந்துவிட்டு 'ஈரோடு மஞ்சளிலிருந்து' என்று எழுதுவது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சளுக்கும் அதை வெள்ளாமை செய்து, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டையில் கொண்டுவரும் குடியானவருக்கும் செய்யும் துரோகம். சாறு டிரம்மில் வந்தால் அது பெருந்துறைச் சந்தை விரலியிலிருந்து வந்ததா, நிஜாமாபாத் கிழங்கிலிருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாங்கிய ரசீதும் பேட்ச் எண்ணும்தான் சொல்லும்.

நாங்கள் கேட்பவை இவை.

ஒரு வேளைக்கு அல்ல, ஒரு கேப்சூலுக்கு எத்தனை மி.கி. குர்குமினாய்டு என்று முகப்பில் போடுங்கள். தூளானால் தூள் என்றும், சாறானால் சாறு என்றும், மூன்று குர்குமினாய்டுகளின் எச்.பி.எல்.சி. அளவோடு பேட்ச் வாரியாகத் தெரிய வேண்டும். மிளகுச் சாறு சேர்த்தால் அதன் பக்கத்திலேயே 'பைப்பரின் இத்தனை மி.கி.' என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

'2000 மடங்கு' என்ற பட்டையை அடுத்த அச்சுக்கு முன் எடுத்துவிடுங்கள். உங்கள் தயாரிப்பிலேயே, மனிதர்களிடமே அளந்த எண் இருந்தால் மட்டும் மேலே சொன்ன விவரத்தோடு போடுங்கள். இல்லையென்றால் மடங்கே வேண்டாம்.

எச்சரிக்கையைத் தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து, வலிப்பு மருந்து, புரோப்ரனலால், தியோஃபிலின், சிறுநீரக மாற்றுக்குப் பின் சாப்பிடும் டாக்ரோலிமஸ் இவற்றை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. வார்ஃபரினோடு மஞ்சள் தயாரிப்பைச் சேர்த்த ஒருவரின், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10ஐத் தாண்டியதை வைத்து 2018இல் நியூசிலாந்து அரசு எச்சரித்தது. பித்தப்பைக் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும், குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். மஞ்சள்தூளில் கரையும் ஆக்சலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தூள் கேப்சூலைத் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கல்லீரல் அடையாளங்களைச் சொல்லி, 'வந்தால் நிறுத்து' என்று ஒரு வரி வேண்டும். இது புதிய கோரிக்கை அல்ல. தெரிந்த பக்கவிளைவையும் மருந்தோடு வரும் மோதலையும் சொல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஊட்டத்துணைப் பொருள் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஆயுஷ் உரிமத்தில் விற்கிறவர்களும் 'எங்களுக்கு அது பொருந்தாது' என்று ஒதுங்க வேண்டாம். கல்லீரலுக்கு உரிம எண் தெரியாது.

கலவையை மாற்றினால் பெயரையோ டப்பா நிறத்தையோ மாற்றுங்கள், கடைகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே பழைய டப்பாவில் போய்விட்ட புதிய கலவைக்கு, பேட்ச் எண்ணைச் சொல்லி, ஒட்டுவதற்குச் சீட்டு அனுப்புங்கள். பாதிப்பு என்று யாராவது அழைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளாமல், தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற எண்ணில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் டப்பாவில் அச்சடியுங்கள்.

இந்த விவரங்களைப் பேட்ச் எண்ணோடு ஒரு தாளில் போட்டு, உங்கள் சரக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்கும் அனுப்புங்கள். புதிய அச்சுக்கு நாளாகும் என்பது எங்களுக்கும் தெரியும், ஒரு தாளுக்கு நாளாகாது. அது வரும்வரை பைப்பரின் அளவு போடாத மஞ்சள் கேப்சூலை நாங்களாக எடுத்துக் கொடுக்கமாட்டோம். ஏன் என்று கேட்கிறவரிடம் காரணத்தையும் சொல்வோம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத்து மருந்தாளுநர்களும் மஞ்சள் சோதனைக்கூடப் பணியாளர்களும் சிலர்